ரயில்காரர் பெயரில் ஒரு கால்வாய்

பொன்னானியில் ஒரு படகில் ஏறுகிறீர்கள். காலை நீட்டிப் படுக்கிறீர்கள். பாரதப்புழையில் மெதுவாக ஏறி, ஒற்றப்பாலம் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் கோயம்புத்தூரில் இறங்கி ஒரு ஃபில்டர் காபி சாப்பிடுகிறீர்கள். நான் கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1878-ல் லண்டனில் ஒரு பார்லிமென்ட் கமிட்டிக்கு முன்னால் இந்த ரூட்டை சீரியஸாகவே எடுத்து வைத்தார் ஒரு பெரியவர். காபி மட்டும்தான் என் சேர்க்கை.

பெரியவர் பெயர் சர் ஆர்தர் காட்டன். அப்போது வயது 75. சாதாரண ஆள் இல்லை. முக்கொம்பு, அணைக்கரை, கோதாவரியில் தவளேஸ்வரம் எல்லாம் அவர் கைவண்ணம். கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு. அங்கே போய் இவரைக் கிண்டல் செய்தால் எனக்கு அடி விழும். அதனால்தான் வாளையார் செக்போஸ்ட் பக்கமாக நின்று பேசுகிறேன்.

காட்டன் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். கல்கத்தாவிலிருந்து கராச்சிக்கு ஒரு படகுப் பாதை. காக்கிநாடாவிலிருந்து சூரத்துக்கு ஒன்று. துங்கபத்திராவில் ஏறி அரபிக்கடல் ஓரம் கார்வாரில் இறங்க ஒன்று. நான்காவதுதான் நம்ம பொன்னானி, பாலக்காடு, கோயம்புத்தூர் லைன். மொத்த பட்ஜெட் மூன்று கோடி பவுண்ட். கமிட்டி மெம்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பாலக்காட்டுக் கணவாய் தாழ்வான இடம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் மட்டும் ஏனோ லீவு போட்டுவிட்டது. ஆனால் கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே! படகு தானாக மேடு ஏறாது. லாக் வேண்டும். அதாவது இரண்டு கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டு, கீழ்க் கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் படகு மெல்ல உயரும். ஒரு லாக்குக்கு 3 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 130-க்குக் குறையாமல் லாக் வேண்டும். ஒன்றுக்குக் கால் மணி நேரம் பிடித்தால்கூட, கதவு திறந்து மூடுவதிலேயே ராத்திரி பகலாக 32 மணி நேரம் போய்விடும். கால்வாய்களைத் தலையில் வைத்துக் கொண்டாடும் பிரிட்டனிலேயே, வரிசையாக லாக் அதிகமாக இருக்கும் டார்டிபிக் என்ற இடத்தில் எண்ணிக்கை 30. அதைக் கடந்து வந்தவர்கள் எவரெஸ்ட் ஏறிய மாதிரி போட்டோ போடுகிறார்கள்.

இத்தனை லாக்குக்கும் தண்ணீர்? கோடையில் பாரதப்புழையைப் பார்த்திருக்கிறீர்களா? மணல் இருக்கும், புல் இருக்கும், கிரிக்கெட் ஆடும் பையன்கள் இருப்பார்கள். நடுவில் ஒரு ஓரமாக ஆறும் இருக்கும். மேலே நீர்த்தேக்கம் கட்டினால் போச்சு என்று காட்டன் சொல்லியிருப்பார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதிலாக ஒரு அணை இருந்தது.

இன்னொரு சின்னச் சிக்கல். சென்னையிலிருந்து பாலக்காடு வழியாக பேப்பூர் வரை 1862-லேயே ரயில் வந்துவிட்டது. அதாவது ரயில் கூவிக்கொண்டு போக ஆரம்பித்துப் பதினாறு வருஷம் கழித்து, அதே பாதையில் படகு விடலாம் என்கிறார். காட்டனுக்கு ரயில் என்றாலே ஆகாது. ரயில் செலவு பிடித்தது, தண்ணீர்தான் மலிவு, அது வயலையும் நனைக்கும், சரக்கையும் சுமக்கும் என்பது அவர் கட்சி. கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் அவர் முன்னின்று கிளப்பிவிட்ட கர்னூல்-கடப்பா கால்வாய், அரசாங்க உத்தரவாதத்தோடு வாங்கிய பத்து லட்சம் பவுண்டை விழுங்கிவிட்டுக் கடைசியில் 1882-ல் அரசாங்கத்தின் தலையிலேயே வந்து விழுந்தது. கமிட்டி ரயில் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று சொல்லப்படுவது எது தெரியுமா? 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடக் கல் கொண்டுவந்த பாதை. போட்ட இன்ஜினீயர் யார்? சாட்சாத் ஆர்தர் காட்டன்! வாழ்நாள் முழுக்க ரயிலைத் திட்டியவர்தான் முதல் தண்டவாளத்தையும் போட்டார்.

குடும்பமே சுவாரஸ்யமான குடும்பம். காட்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர் மகள் லேடி ஹோப். மரணப் படுக்கையில் டார்வின் பரிணாமக் கொள்கையைக் கைவிட்டு பைபிள் பக்கம் வந்துவிட்டதாக 1915-ல் ஒரு கதை வெளியாகி உலகமெல்லாம் சுற்றியதே, அதைச் சொன்னவரும் இதே லேடி ஹோப்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று டார்வினின் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அது இன்றும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அப்பா விட்ட படகுகளைவிட மகள் விட்ட படகு அதிக தூரம் போயிருக்கிறது.

பாலக்காட்டிலிருந்து கொஞ்சம் தெற்கே, இடுக்கி எல்லைக்கு வாருங்கள். அங்கே பென்னிகுக் 1895-ல் பெரியாற்றை மறித்து, மேற்கே போகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அவரைப் பற்றிக் கிண்டலாக ஒரு வார்த்தை எழுதிவிட்டு கம்பத்தில் நான் டீ குடிக்க முடியாது, ஆகவே பெரிய கும்பிடு. ஒன்று மட்டும் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர் தேக்கிய ஏரியில், தேக்கடியில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு படகுகள் போய் வருகின்றன. படகு படகு என்று கிடந்த காட்டனுக்குப் பாலக்காட்டில் ஒரு பரிசல்கூட இல்லை.

பாலக்காட்டையும் சேர்த்து மலபாரை ஆண்ட கலெக்டர் கனோலி புத்திசாலி. மலைப்பக்கமே போகாமல் 1848-ல் கோழிக்கோட்டில், சமதரையில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே கால்வாய் வெட்டினார். தண்ணீரை மேடு ஏறச் சொல்லவில்லை. அதனால் வேலை நடந்தது. பிற்பாடு ஊரே அதில் குப்பை கொட்டியது அவர் குற்றமில்லை.

சரி, படகு நிஜமாக ஓடிய இடத்துக்குப் போவோம். சென்னை, பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து நம்ம மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர். இவ்வளவு நீளக் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பக்கிங்ஹாம் கோமகன், 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னர். குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஒரே ஆளுக்குத்தான். ஹோட்டல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆளுக்கு இடம் இருக்காது.

பெயருக்குப் பின்னால் சொத்து இல்லை. அப்பா, இரண்டாவது கோமகன், பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் வைத்ததில், 1848-ல் குடும்பத்து ஸ்டோ மாளிகையின் தட்டு முட்டுச் சாமான் வரை நாற்பது நாள் ஏலம் போனது. மகன் பாவம், பொறுப்பானவர். வேலைக்குப் போனார். என்ன வேலை? லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் சேர்மன்! எட்டு வருஷம். அது போதாதென்று தன் எஸ்டேட்டுக்குள்ளேயே சொந்தமாக ஒரு ரயில் பாதை வேறு போட்டுக்கொண்டார். கால்வாய்களின் வயிற்றில் அடித்த தொழிலின் தலைமகன். அந்த மனிதர் பெயர்தான் இந்தியாவின் மிக நீண்ட கால்வாய்களில் ஒன்றுக்கு! முதல் ரயில் பாதை போட்டவர் படகுப் பைத்தியம், கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர் ரயில் பைத்தியம். சரித்திரத்தில் யாரோ ஃபைலை மாற்றி வைத்துவிட்டார்கள்.

அவர் ஆட்சியில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்டது சுமார் 8 கிலோமீட்டர்தான். வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள். பஞ்சத்தைப் பார்வையிட வந்த இன்னொரு பெரிய மனிதர், சர் ரிச்சர்ட் டெம்பிள், ஒரு நாள் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். இதில் உயிர் நிற்காது என்று டாக்டர் கார்னிஷ் என்ற அதிகாரி சண்டை போட்டார். கால்வாய் முடிந்தது. பெயர் வைக்க உட்கார்ந்தபோது மண் சுமந்த ஒருவர் பெயரும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வரிசைப்படி பார்த்தால் இந்தக் கால்வாயின் முதல் முதலாளி பேசில் காக்ரேன். கப்பற்படைக்குச் சாப்பாட்டு சப்ளை செய்த கான்ட்ராக்டர். 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, போகிற வருகிற படகிடம் வரி வசூலித்தார். இன்றைய டோல்கேட் முதலாளிகள் இவருக்கு ஒரு படம் மாட்டலாம். லண்டனுக்குத் திரும்பியவர் சாப்பாட்டுக் கணக்கு பாக்கிக்காக அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். நடுவில் வீட்டிலேயே நீராவிக் குளியல் கூடம் திறந்தார். அதில் வேலை பார்த்த பாட்னாக்காரர் தீன் முகமது 1810-ல் வெளியே வந்து, லண்டனின் முதல் இந்திய ஹோட்டலைத் தொடங்கினார். எண்ணூர் உப்புப் படகு எங்கே, லண்டன் கறிக் குழம்பு எங்கே!

இந்தக் கால்வாயில் படகுப் பயணம் என்றால் பெரும்பாலும் ராத்திரிப் பயணம். பகலில் வெயில் கொளுத்தும். மாமல்லபுரம் போகிற துரைமார்கள் சாயங்காலம் படகில் பாய் விரித்துப் படுத்து, காலையில் கடற்கோயில் பக்கம் கண் விழித்தார்கள். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு படகில் இப்படிப் போய்வந்து ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டே எழுதினார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிற்றால் இழுப்பது. ரொமான்ஸ் எல்லாம் உள்ளே படுத்திருந்தவர்களுக்குத்தான். கயிறு இழுத்தவர் ராத்திரி முழுக்க மாமல்லபுரத்துக்கு நடந்தே போனார்.

இன்று அதே பயணம் போவோமா? இங்கிலாந்திலிருந்து ஒரு நேரோபோட் வரவழைக்கிறோம். ஏழடி அகலம், எழுபதடி வரை நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, எல்லாம் உண்டு. வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர். ராத்திரி பத்து மணிக்கு பேசின் பிரிட்ஜ் பக்கம் இறக்குகிறோம். பத்தரைக்கு ஆகாயத்தாமரை மோட்டார் விசிறியைச் சுற்றிக்கொள்ளும். பதினொன்றுக்கு மூக்கு வேலை நிறுத்தம் செய்யும். அதற்கு முன்பே கொசு டிக்கெட் பரிசோதனைக்கு வந்திருக்கும். இதையெல்லாம் தாண்டிச் சேப்பாக்கம் வந்தால் ஹெட்லைட் வெளிச்சத்தில் எதிரே நிற்பது என்ன? ரயில்வே ஸ்டேஷன்.

ஆமாம். பறக்கும் ரயிலுக்குத் தனியாரிடம் நிலம் வாங்கினால் கோர்ட், கேஸ், செலவு. கால்வாயோ அரசாங்க நிலம், கேட்க ஆள் இல்லை. தூணை அதில் நட்டுவிட்டார்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. கோமகன் உயிரோடு இருந்திருந்தால் ரிப்பன் வெட்ட முதல் ஆளாக வந்திருப்பார்.

பிரிட்டனிலும் கால்வாய்கள் இப்படித்தான் நாறிக்கிடந்தன. அவற்றைக் காப்பாற்ற 1946-ல் சங்கம் ஆரம்பித்தவர்கள் நேரோபோட்டிலேயே குடித்தனம் நடத்திய எல்.டி.சி. ரோல்ட் என்பவரும், ராபர்ட் ஐக்மன் என்ற பேய்க்கதை எழுத்தாளரும். சங்கம் என்றால் சண்டை வரவேண்டுமே, வந்தது. 1951-ல் ரோல்ட்டை வெளியே தள்ளினார்கள். மனிதர் எங்கே போனார் என்கிறீர்கள்? வேல்ஸில் மூடும் நிலையிலிருந்த ஒரு குட்டி ரயிலைக் காப்பாற்ற! அங்கே சண்டைக்குப் பிறகும் படகுகள் ஓடுகின்றன. இங்கே சண்டையே இல்லை, படகும் இல்லை.

அறுபதுகளிலும் 1976-லும் வந்த புயல்கள் நம் கால்வாய்ப் போக்குவரத்தின் கதையை முடித்தன. ஆனாலும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஏறி வந்தபோது, ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று கைவிட்ட இந்தக் கால்வாய்தான் பல இடங்களில் கடல் தண்ணீரை வாங்கி வைத்துத் திருப்பி அனுப்பியது. நன்றிக்கடனாகவோ என்னவோ, 2008-ல் வட பக்கிங்ஹாம், தென் பக்கிங்ஹாம் கால்வாய்களைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள். வடக்கேயிருந்து வரும் படகு தெற்கே போக வேண்டுமானால் நடுவே மயிலாப்பூரில் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை திருமயிலை ஸ்டேஷனில் வேளச்சேரி வண்டிக்குக் காத்திருக்கும்போது கொஞ்சம் எட்டிக் கீழே பாருங்கள். கறுப்பாக அசையாமல் கிடப்பது சாக்கடை இல்லை, இரண்டு துண்டுத் தேசிய நீர்வழிக்கு நடுவே விட்டுப்போன துண்டு. கையிலிருக்கும் காலி பாட்டிலை அதில் மட்டும் போடாதீர்கள்.