சிஸ்டம் தம்பி

திருப்பூரில் எந்த ஏற்றுமதிக் கம்பெனிக்குள் நுழைந்தாலும், படிக்கட்டுக்கு அடியிலோ சாம்பிள் ரூமுக்குப் பின்னாலோ கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குட்டி அறை இருக்கும். ஊரே வெயிலில் வேகும்போது அதற்குள் மட்டும் ஏ.சி. பதினெட்டில் ஓடும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் சிஸ்டம் தம்பி. ஏ.சி. அவருக்காகப் போட்டதில்லை, சர்வருக்காகப் போட்டது. இவர் அதில் ஓசியில் நடுங்குகிறார்.

வயது நாற்பதைத் தாண்டினாலும் அவர் தம்பிதான். கம்பெனியில் கரண்டில் ஓடுகிற எல்லாமே அவர் இலாகா: பிரின்டர், சிசிடிவி, கைரேகை மெஷின், முதலாளி வீட்டு வைஃபை, முதலாளி மகளின் ஆன்லைன் பரீட்சை. இதெல்லாம் உபதொழில். அவர் தன்னை என்னவாக நினைத்துக்கொள்கிறார் என்று கேட்டால், மெயில் சர்வரின் காவலர். எப்போதோ முதலாளி சொன்னார்: "ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் எவனுக்கோ எதுக்குக் கொட்டோணும்? நீதான் இருக்கறயே தம்பி." பாராட்டும் ஆயுள் தண்டனையும் ஒரே வாக்கியத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து கம்பெனியின் மெயில் அந்தக் குட்டி அறையில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் வழியாகத்தான் உலகத்துக்குப் போகிறது.

போகிறவரை யாருக்கும் அவர் ஞாபகம் வராது.

சிக்கல் எப்போதும் சிக்கனத்தில்தான் ஆரம்பிக்கும். பக்கத்து கம்பெனிக்காரர் பாதி விலைக்கு இன்டர்நெட் லைன் வாங்கிவிட்டதாக முதலாளி காதில் விழும். உடனே நாமும் மாறுவோம். புது லைன் என்றால் புது ஐ.பி. எண். உதாரணத்துக்கு 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிவைத்த எண் இது. வாசகர்கள் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.) தம்பி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து டொமைன் கணக்குக்குள் போய், மெயில் சர்வரின் பெயருக்கு எதிரே புது எண்ணை எழுதுகிறார். சோதனைக்கு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கிறார். டக்கென்று வந்து விழுகிறது. திருப்தியாக வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்.

திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் பெண் வந்து நிற்கிறார்.

"சார், மெயில் போகலை."

"யாருக்குப் போகலை? எர்ரர் என்ன வந்துச்சு?"

"ஏதோ இங்கிலீஷ்ல நீளமா வந்துச்சு சார். டெலீட் பண்ணிட்டேன்."

சிஸ்டம் தம்பி இனத்தின் நிரந்தரத் துயரம் இது. தோல்வியின் காரணத்தை எதிர்ப்பக்கத்து சர்வர் எழுதியே கொடுத்துவிடும். ஜிமெயிலுக்குப் போனது 550 என்ற எண்ணோடு உடனே திரும்பியிருக்கும்: இந்த ஐ.பி.க்கு பி.டி.ஆர். ரெக்கார்டு (எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை, அல்லது அது காட்டும் பெயர் இதே எண்ணுக்குத் திரும்பவில்லை. காதல் கடிதம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாக மறுக்க மாட்டார்கள். படிக்கத்தான் ஆள் கிடையாது.

ஜெர்மனி பையரின் கதை வேறு. அங்கேயும் போஸ்ட்ஃபிக்ஸ். அது 450 என்று சொல்கிறது: 'கேனாட் ஃபைண்ட் யுவர் ஹோஸ்ட்நேம்.' ஐந்நூறு வரிசை எண் வந்தால் 'வராதே' என்று பொருள். நானூறு வரிசை வந்தால் 'அப்புறம் வா'. அப்புறம் வா என்றால் நம் சர்வர் மெயிலைக் கியூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும். யாரும் மாற்றி அமைக்காவிட்டால் ஐந்து நாள்வரை கேட்கும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஆகவே மெர்ச்சண்டைசர் ரேட் போய்விட்டதென்று நம்புகிறார். பையர், திருப்பூர்க்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று நம்புகிறார்.

எண்ணுக்குரிய பெயரைக் கேட்க, தம்பி டிக் மைனஸ் எக்ஸ் என்று தட்டி, ஐ.பி. எண்ணைப் போட்டு என்டரை அமுக்குகிறார். அப்படிப் பெயரே இல்லை என்று பதில் வருகிறது. அவர் முகத்தில் ஒரு புன்னகை. நோயாளி இன்னும் எழுந்திருக்கவில்லை, ஆனால் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. இந்தப் புன்னகையோடு அவர் முதலாளி அறைக்குப் போவதுதான் அவர் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

"என்ன தம்பி, மெயில் போகலையாமா?"

"ரிவர்ஸ் டி.என்.எஸ். ஃபெயிலுங்ண்ணா. 25.113.0.203 இன்-ஆட்ர் டாட் ஆர்பாவுல என்ட்ரி இல்லீங்."

"தமிழ்ல சொல்லு."

தம்பி யோசிக்கிறார். "மாப்பிள்ளைப் பையன், நான் இன்னார் வீட்டுப் பையன்னு சொல்றான்னு வையுங்ண்ணா. பொண்ணு வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? ஊருக்கு ஆள் அனுப்பி, 'இந்தக் கதவு நம்பர்ல இருக்கறது யாருங்க'ன்னு கேப்பாங்க. ஊர்க்காரன் ஒரு பேரைச் சொல்லோணும். அந்தப் பேரை விசாரிச்சா மறுபடி இதே கதவுக்கு வரோணும். நம்ம ஊர்க்காரன் 'தெரியாதுங்க'ன்னுட்டான்."

"அப்ப வர்ற மெயிலெல்லாம் வருதே?"

"வர்றவங்க நம்ம பேரைக் கேட்டு வர்றாங்கண்ணா. போறப்பத்தான் நம்மளை விசாரிக்கறாங்க."

"டொமைனுக்கு வருசா வருசம் காசு கட்டறமே, அவனைச் சொல்லச் சொல்லு."

"அவங்க பேரு வித்தவங்க. நம்பர் லைன்காரங்களுது. அவங்கதான் எழுதோணும்."

"சரி, அவனைப் புடி" என்கிறார் முதலாளி. இதைத்தான் எல்லா ஆவணங்களும் சொல்கின்றன, இவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஆவணம் என்றதும் ஒன்று. தம்பியின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1912-இன் ஒரு பக்கம் மஞ்சள் கோடிட்டு இருக்கும். ஒவ்வொரு ஐ.பி. எண்ணுக்கும் பொருந்தும் பி.டி.ஆர். இருக்க வேண்டும் என்கிற பக்கம் அது. 1982-இல் ஜான் போஸ்டல் மெயில் விதிகளை எழுதியபோது, வருகிற கம்ப்யூட்டர் தன் பெயரைச் சொன்னால் நம்பி உள்ளே விட்டார்கள். பிறகு வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மாத்திரை விற்க ஆரம்பித்ததும், வாசலில் விசாரணை வந்துவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் பி.டி.ஆர். கட்டாயம் என்று கூகுள் அறிவித்தபோது, தம்பி கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

எண்ணை ஏன் திருப்பிப்போட்டு எழுத வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பெயரில் பெரிய இடம் வலப்பக்கம், எண்ணில் பெரிய இடம் இடப்பக்கம், அதனால் தலைகீழாக்கினால்தான் இரண்டும் ஒரே மரத்தில் பொருந்தும் என்று ஆரம்பித்து, புதிய ஐ.பி.வி.6-இல் 32 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் புள்ளிவைத்து எழுதுவது வரை போவார். ஷிப்ட் முடிந்துவிடும்.

இனி லைன் கம்பெனியின் கஸ்டமர் கேர்.

"ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"மேடம், லைன் நல்லாத்தான் இருக்குது. எனக்கு பி.டி.ஆர். வேணும்."

"யார் சார்?"

நியாயமான சந்தேகம். பி.டி.ஆர். என்றால் தமிழ்நாட்டில் 2023-இல் நிதியிலிருந்து ஐ.டி. துறைக்கு மாறிய அமைச்சர்தான் ஞாபகத்துக்கு வருவார். துறையாவது சரியாக இருக்கிறது என்று தம்பி தேற்றிக்கொள்கிறார். டிக்கெட் நம்பர் கிடைக்கிறது. ஸ்பீடு நன்றாக இருப்பதால் டிக்கெட் மூடப்பட்டது என்று குறுஞ்செய்தி வருகிறது. மறுபடி டிக்கெட். இந்த முறை அங்கே இருக்கும் இன்னொரு சிஸ்டம் தம்பி லைனுக்கு வருகிறார். இரண்டு பேரும் அரை நிமிஷத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். நாடு ஓடுவது இப்படிப்பட்ட அரை நிமிஷங்களில்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எண்ணையே பெயராக்கி, ஸ்டாட்டிக் என்று முன்னால் சேர்த்து ஒரு பொதுப்பெயர் போடுகிறார்கள். வேண்டாம், கம்பெனி பெயர்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடிக்கிறார். பொதுப்பெயரைக் கண்டால் சில வாசல்களில் சந்தேகப்படுவார்கள். (கம்பெனியில் எல்லார் போனிலும் அவர் நம்பர் 'சிஸ்டம்' என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதற்கு அவர் அடம்பிடித்ததில்லை.) அடுத்த நாள் சரியான பெயர் வருகிறது, ஆனால் கடைசியில் வைக்க வேண்டிய ஒரு புள்ளியை அங்கே யாரோ விட்டுவிட்டார்கள். புள்ளி இல்லாவிட்டால் பெயர் அங்கேயே முடியாது; டாட் காமுக்குப் பின்னால் அந்தத் தலைகீழ் எண்ணும் ஆர்பாவும் வாலாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பெயர் உலகத்தில் எங்கும் கிடையாது. தம்பி அந்த வாலை மூன்று பேருக்குக் காட்டி மகிழ்ந்தார். தவறு தன் பக்கம் இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி இவர்களுக்கு ஆயுளில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

புள்ளி வைக்கப்பட்டது. பழைய பதில் ஊர் ஊராகப் பல சர்வர்களில் தங்கியிருக்கும். 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், பொறுக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கெடு முடிய இன்னும் சில மணி நேரம்தான் இருக்கும்போது டிக் மைனஸ் எக்ஸ் கம்பெனி பெயரைச் சொன்னது. தம்பி முதலாளியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, கியூவில் கிடந்ததை எல்லாம் ஒரே அமுக்கில் கிளப்பிவிட்டார்.

எல்லாம் போய்ச் சேர்ந்தன. கியூவுக்கு வரிசை ஒழுங்கு கிடையாது. நினைவூட்டல் முதலில், பிறகு 'ஏன் பதில் இல்லை' என்ற கோபம், பிறகு நூல் விலை ஏறியதால் திருத்திய புது ரேட், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திங்கட்கிழமையின் பழைய ரேட்.

ஜெர்மனியிலிருந்து பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. கடைசியாக வந்த ரேட்டுக்கு ஆர்டர் உறுதி, விலையைக் குறைத்ததற்கு நன்றி.

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, அந்த ஒரு மெயிலை மட்டும் போகாம வெச்சிருக்கக் கூடாதா?"