மிஷினுக்கு மூக்கைத் தொடச்சியாடா?

வாடா பேராண்டி, உக்காரு. புத்தூர்ல பஸ் ஏறும்போதே உங்க பாட்டி சொல்லி அனுப்பினா: "திருப்பதியில நம்ம பேரன் துணி காயவைக்க நாப்பதாயிரத்துச் சொச்சத்துக்கு மிஷின் வாங்கியிருக்கானாம். பாத்துட்டு வாங்க. அந்த ஊர்ல வெயில் நின்னுபோச்சான்னும் அப்படியே கேட்டுட்டு வாங்க." மே மாசத்துல கொடியில போட்ட வேட்டி அரை மணி நேரத்துல அப்பளமா வெறைக்கிற ஊரு இது. அந்த ஊர்ல சூரியனை வேலையை விட்டு நிறுத்திட்டு, கரண்டு ஆபீசுக்குக் காசு கட்டுறவன் என் பேரன். பெருமையா இருக்குதுடா.

கோவிச்சுக்காதே. ஐப்பசி கார்த்திகையில உனக்கு அது வேணும்தான், ஒத்துக்கிறேன். 2021 நவம்பர்ல பெஞ்ச மழையை நான் மறப்பேனா? ராயலசெருவு ஏரிக் கரை ஒடைஞ்சிடும்னு கீழ இருந்த ஊருங்கல்லாம் வீட்டைக் காலி பண்ணிச்சு. கபில தீர்த்தத்துல தண்ணி விழுந்த சத்தம் கேட்டவங்க இன்னும் கதை சொல்றாங்க. அப்ப உங்கப்பன் ஒரே பேண்ட்டை நாலு நாளு ஈரத்தோட போட்டுட்டு ஆபீஸ் போனான். அவன் பக்கத்துல உக்காந்தவன் வேற டேபிளுக்கு மாத்தல் கேட்டான்னு பேச்சு. அதனால மிஷின் வாங்கினதைத் தப்புன்னு சொல்லல. வாங்கிட்டு, அது பாட்டுக்கு ஓடும்னு நெனைக்கிறே பாரு, அங்கதான் நீ எனக்குப் பேரன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எங்க வீட்ல இருக்கிற ரெட்டைத் தொட்டி மிஷின்லயும் ஒரு பக்கத்தை டிரையர்னுதான் சொல்றோம். அது துணியை கிறுகிறுன்னு சுத்தித் தண்ணியை வெளிய எறியுது, அவ்வளவுதான். சூடு கெடையாது. அதுக்கு ஒரே ஒரு பத்தியம்: சுத்தி முழுசா நிக்கிற வரைக்கும் உள்ள கையை விடாதே. மூடியைத் தூக்கினா பிரேக் புடிக்கணும். புடிக்கலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடு. "லேசாத்தானே சுத்துது"ன்னு ஈரச் சேலையை இழுத்தா, சேலை கையைச் சுத்தும், கை தொட்டியைச் சுத்தும். அப்புறம் நீ நேரா நம்ம ஊருக்குத்தான் வரணும். எலும்பு ஒடைஞ்சா போடுற புத்தூர்க் கட்டு எப்படிப் பேர் வாங்கிச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா? பேரனைப் பாத்தே ரொம்ப நாளாச்சுன்னு பாட்டியும் புலம்புறா.

நீ வாங்கினது வேற ஜாதி. அனல் அடிச்சுக் காயவைக்கிறது. இதை நான் என்னான்னு பாக்கிறேன் தெரியுமா? வீட்டோட மாப்பிள்ளை. வந்த அன்னிக்கே தனி மரியாதை கேக்குது பாரு. ரெண்டாயிரம் வாட்டுக்கு மேல இழுக்கும், அதனால அதுக்குன்னு தனியா 16 ஆம்பியர் பிளக்கு, சொவத்துலேயே, நல்ல எர்த்தோட. நீ என்னா பண்ணி வெச்சிருக்கே? செல்போன் சார்ஜர், மிக்சி, மிஷின் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி வெச்சிருக்கே. மூணு மாப்பிள்ளைக்கு ஒரே எலை போட்ட மாதிரி. கையை வெச்சுப் பாத்தேன், ஒயரு சுடுது. அது குளிருக்கு எதமா இருக்கட்டும்னு நீ வெச்சதில்லைன்னு நம்புறேன்.

சரி, இப்ப நீ பயப்பட வேண்டிய எடத்துக்கு வர்றேன். கதவைத் தொறந்ததும் வாய்ல ஒரு சல்லடை இருக்குது பாத்தியா? நான் இழுத்தேன். வெளிய வந்தது சல்லடை இல்ல, எலவம்பஞ்சு மெத்தை. சாம்பக் கலரு, ஒரு வெரல் கனம். உன் பனியன், உன் பொண்டாட்டி நைட்டி, பூனை ரோமம், தலைமுடி எல்லாம் சேந்து நெஞ்ச ஜமக்காளம் மாதிரி. "எப்படா இதை எடுத்தே?"ன்னு கேட்டா, "எடுக்கணுமா தாத்தா?"ன்னு கேக்குற. திருமலை மேல கல்யாணகட்டாவுல லட்சக்கணக்கான பேரு மொட்டை போடுறாங்க. விழுற முடியில ஒரு இழை விடாம தேவஸ்தானம் கூட்டி அள்ளி ஏலம் விடுது. உன்னால உள்ளங்கை அளவு பஞ்சை வழிச்சுப் போட முடியலையா?

உன் பொண்டாட்டி கார்த்திகை வெளக்குக்குத் திரி தேடிட்டு இருந்தா. "தாதய்யா, பத்தி உந்தா?"ன்னு அவ தெலுங்குல பஞ்சு கேக்க, "இதோ இருக்கும்மா"ன்னு அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கிள்ளி, தொடையில வெச்சு உருட்டி, ஒரு அகல்ல எண்ணெயே ஊத்தாம வெச்சுப் பால்கனியில பத்தவெச்சேன். பாத்தே இல்ல? மூணு எண்ணுறதுக்குள்ள சர்ருன்னு போச்சு. மயிர் கருகின வாசனை, கருப்புப் பொகை, அடியில உருகின பாலியஸ்டர் பொட்டுப் பொட்டா ஒட்டிக்கிச்சு. அவ மூஞ்சி போன போக்கு! இந்தத் திரிதான் தெனமும் சூட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குது. ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னாடி அதை வழிச்சு எடு. மாசத்துக்கு ஒருவாட்டி சல்லடையைத் தண்ணியில காட்டி, நல்லாக் காயவெச்சு மாட்டு. குழாய் வெச்ச மிஷினா இருந்தா, அனல் வெளிய போற குழாயையும் கழட்டிக் குத்தி எடுக்கணும். குழாய் பிளாஸ்டிக்கா இருக்கக் கூடாது, தகரமா இருக்கணும். உன்னுது குழாய் இல்லாத ரகம். அதுல கீழ கண்டென்சர்னு ஒரு பொட்டி இருக்கும், அங்கயும் பஞ்சு ஒளிஞ்சிருக்கும். புஸ்தகத்துல எப்படிக் கழட்டுறதுன்னு படம் போட்டிருக்கான். புஸ்தகம் எங்க? முறுக்கு டப்பாவுக்கு அடியில. பாத்தேன்.

கெழவன் கதை வுடுறான்னு நெனைக்காதே. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு இந்த மிஷின்தான். அங்க தீயணைப்பு நிர்வாகம் 2008லேந்து 2010 வரைக்கும் கணக்கு எடுத்துச்சு. வருஷத்துக்கு சுமார் 2,900 வீட்ல இந்த மிஷினால தீ, அஞ்சு சாவு. காரணம் தெரிஞ்ச தீயில பெரிய பங்கு எதுக்குத் தெரியுமா? சுத்தம் பண்ணாததுக்கு, நூத்துக்கு 34. லண்டன்ல 2016 ஆகஸ்ட்டுல பதினெட்டு மாடிக் கட்டடத்துல ஏழாவது மாடியில தீ புடிச்சதும் ஒரு டிரையர்லதான். நீ இருக்கிறது அஞ்சாவது மாடி. ரெண்டு மாடி கொறச்சல்தான், தைரியமா இரு.

அடுத்தது எண்ணெய். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சே. தொவட்டின துண்டு, சமையக்கட்டுல தோசைக்கல்லு தொடைக்கிற துணி, சாமி வெளக்கு தொடைக்கிற துணி, இது ஒண்ணும் உள்ள போகக் கூடாது. தொவைச்சாலும் எண்ணெய் முழுசாப் போகாது. சூட்டுல அது காத்தோட சேந்து தானாச் சூடேறும். குமிச்சு வெச்சா உள்ளுக்குள்ளயே கனிஞ்சு, ஓட்டம் முடிஞ்சு மணிக்கணக்கு கழிச்சுக்கூடப் பத்திக்கும். வைக்கோல்போரு ஈரத்தோட அடைச்சா எப்படிப் பொகையும்? அதே கதை. பெட்ரோல், தின்னர் பட்ட துணி பக்கத்துலயே வரக் கூடாது. ரப்பர், ஃபோம் வெச்ச தலகாணியும் வேணாம்.

பாக்கெட்டைப் பாக்காம போடாதேன்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே உன் பொண்டாட்டி ஒரு சட்டையை ஒதறினா பாரு, அதுல இருந்து ஒரு பொட்டலம் கற்பூரமும் தீப்பெட்டியும் விழுந்துச்சு. "யாருடா இந்தப் பொறுப்பில்லாத பய?"ன்னு நான் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அது என் சட்டைதான். எனக்குத் தெரியும். நீங்க பாக்குறீங்களான்னு நான் வெச்ச பரீட்சை அது. அவ பாஸு, நீ ஃபெயிலு. நேத்து மலை ஏறினப்ப நான் வாங்கினதுன்னு எதுக்குடா பாட்டிக்கு போன் போடுறே? வை போனை.

இன்னொண்ணு. உன் பொண்டாட்டியோட கலம்காரிச் சேலையைத் தொட்டே, தொலைச்சுடுவேன். காளஹஸ்தியில அந்தத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து ஊறவெச்சு, மூங்கில் பேனாவால கோடு இழுத்து, படிகாரம் போட்டு, சுவர்ணமுகி ஓடுற தண்ணியில அலசி, மணல்ல வெயில் காட்டிப் பண்றாங்க. அத்தனை நாளு கையில செஞ்ச வேலையை நீ முக்கா மணி நேரம் சூட்டுல பொரட்டப் போறியா? சேலை சுருங்கும், அவ மூஞ்சியும் சுருங்கும். ரெண்டாவதை நீட்டவே முடியாது. மத்த துணிக்குக் கழுத்துப் பட்டியில சீட்டு பாரு. சதுரத்துக்குள்ள வட்டம் இருந்தா மிஷின்ல காயவைக்கலாம். ஒரு புள்ளி இருந்தா சூடு கம்மி. மேல பெருக்கல் குறி போட்டிருந்தா, கொடிதான்.

நெருக்கித் திணிக்காதே. தொவைக்கிறதும் காயவைக்கிறதும் ஒரே மிஷின்ல இருந்தா எட்டு கிலோ தொவைச்சுட்டு எட்டையும் காயவைக்கலாம்னு கணக்குப் போடாதே. காயவைக்கக் கிட்டத்தட்ட அஞ்சுதான் புடிக்கும். துணிக்குப் பொரள எடம் வேணும். தொவையல்லயே நல்லாச் சுத்திப் புழிஞ்சு போடு, கரண்டு மிச்சம். கடைசியில சூடில்லாம கொஞ்ச நேரம் சுத்துது பாரு, அது ஆறவைக்கிற நேரம். அவசரப்பட்டுப் பாதியில நிறுத்தாதே. நிறுத்தியே ஆகணும்னா மொத்தத்தையும் வெளிய எடுத்து விரிச்சுப் போடு, சுடச்சுடக் குமிச்சு வெக்காதே. ராத்திரி ஓடவிட்டுத் தூங்காதே, போட்டுட்டு சினிமாவுக்கும் போகாதே. கதவு மூடுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு பார்வை. உங்க வீட்டுப் பூனை கதகதப்பு எங்க இருக்குதோ அங்க படுக்கும், உன்ன மாதிரியே. பொகை கிகை வந்தா கதவைத் தொறந்து பாக்காதே, காத்து போனாத் தீ சந்தோஷப்படும். மெயினை அணை, எல்லாரையும் கூட்டிட்டு எறங்கு, 101க்குப் போடு.

அப்புறம் அந்தத் தொட்டித் தண்ணி. துணியில இருந்து வத்தவெச்ச தண்ணி தெளிவா இருக்குதுன்னு இன்வெர்ட்டர் பேட்டரியில ஊத்தலாமான்னு கேட்டியே, அங்க எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுல பஞ்சும் அழுக்கும் மெதக்குது. செடிக்கு ஊத்து. மழை முடிஞ்சதும் மிஷினைப் போத்தி வெச்சுடுவே. அடுத்த ஐப்பசியில சுவிச்சு போடுறதுக்கு முன்னாடி பின்னாடி போய்ப் பாரு, எலி ஒயரைக் கடிச்சிருக்குதான்னு. அதுவும் வீட்டோட மாப்பிள்ளைதான்.

மழை விட்டுடுச்சு பாரு. சேஷாசலம் பக்கம் வெளுத்து, வெயில் பால்கனிக் கம்பி வரைக்கும் வந்துடுச்சு. மிஷின்ல இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம்னு காட்டுது. அதை விடு. அந்தக் கொடிக்கயிறு எங்கடா? மிஷின் வந்த அட்டைப் பொட்டியைக் கட்டிப் பரண்ல போட்டியே, அதுலயா? போ, ஏணி எடுத்துட்டு வா. அவிழ்க்கத் தெரியலைன்னா அறுத்துடாதே, நான் வந்து அவிழ்க்கிறேன்.