குரங்குக்குப் பேர் போடும் பெரியவர்

மாசிப் பனி விலகி, பங்குனி வெயில் ஏறி, பின்னேரமானால் இடியோடு ஒரு மழை விழத் தொடங்கிவிட்டது என்றால், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாலு விசயம் நடக்கும். முள்முருங்கை சிவக்கச் சிவக்கப் பூக்கும். குயில் கூவும். பலா பிஞ்சு விடும். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் நின்று ஒரு பெரியவர் ஏசத் தொடங்குவார். முதல் மூன்றையும் கவிஞர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாலாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பசறை, ஹாலி-எல, தெமோதரை, ஸ்பிரிங்வெளி என்று நமுனுகுல மலையைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் ஏறினாலும் இவர் ஒருவர் இருப்பார். மலையிலே வேலை செய்து பேர் போட்ட காலம் முடிந்து, சேவைக்காலப் பணம் மகள் கல்யாணத்தோடு கரைந்து, மிச்சமாக நிற்பவை மூன்று: ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், ஒரு ஓட்டைத் தகரடப்பா, குறையாத குரல். பயிர் நடுவே நிற்கும் பொம்மைக்குத் தன் பழைய சட்டையைப் போட்டுவிட்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் எது பொம்மை, எது பெரியவர் என்பதில் மனிதர்களுக்குக் குழப்பம் வரும், குரங்குகளுக்கு வராது.

இவரை விலங்குகளின் எதிரி என்று நினைப்பது எளிது. என் கட்சி வேறு. பதுளை அடங்கிய ஊவாவில் காட்டு உயிர்களை அறிந்தவர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதானால் இவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்குச் சான்று இவருடைய ஏச்சுதான். பொத்தாம் பொதுவாக இவர் ஏசுவதில்லை, ஆளுக்கு ஆள் குற்றப்பத்திரிகை வேறு. செங்குரங்கைப் பார்த்தால், "கன்னத்துல பை வச்சிக்கிட்டுத்தானே திருட வர்ற!" என்பார். இலங்கைக்கே உரிய அந்தக் குரங்குக்குக் கன்னத்தில் உணவை அடக்கிவைக்கும் பை இருப்பதை விலங்கியல் மாணவர் படித்துத் தெரிந்துகொள்கிறார். இவர் தன் போஞ்சிப் பந்தலை இழந்து தெரிந்துகொண்டவர். தழை தின்னும் மந்திக்குத் தண்டனையில் பாதி தள்ளுபடி. மலை அணில் ஒரு காயைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போவதால் அதற்கு மன்னிப்பே இல்லை. முள்ளம்பன்றி இராத்திரியில் வந்து மரவள்ளியைத் தோண்டுவதால் அதற்குரிய ஏச்சு காலையில், ஆள் இல்லாமலே, குழியைப் பார்த்து வழங்கப்படும்.

இதைவிடப் பெரிய சான்று ஆஜர் எடுக்கும் முறை. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுமா விழாதா என்ற கவலையிலேயே முப்பது நாற்பது வருசம் ஓட்டியவர்கள் இவர்கள். அந்தப் பழக்கம் இலேசில் விடுமா? வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டு குரங்குக் கூட்டத்துக்கும் நடக்கிறது. முன்னால் குதித்து வருவது கங்காணி. கூரைத் தகரத்தின் மேல் உட்கார்ந்து எல்லாரையும் வேலை வாங்குவது பெரிய தொரை. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு பிந்தி வருவது பிள்ளைக்காரி. அவளுக்கு மட்டும், பிந்தினாலும், அரைப் பேர் உண்டு. "நேத்து பதினெட்டு, இன்னைக்குப் பதினேழுதான் வந்திருக்கு. அந்த வால் அறுந்தவன் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று கேட்கும்போது குரலில் இருப்பது கோபமா, விசாரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதிரியின் படையில் ஒருவன் குறைந்தால் சந்தோசப்படுவதுதான் உலக வழக்கம். இவர் விசாரிக்கிறார்.

இப்போது அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். 2023 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர 1 இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையைச் சொன்னார். நாடே சிரித்தது, சிலர் வழக்குக்குப் போனார்கள், குரங்குகள் போகவில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் தரப்பு சொன்னது. பெரியவர் அன்றைக்கு அடைந்த மனநிறைவு கொஞ்சநஞ்சமல்ல. தன் தகரத்தோடு நின்றிருந்த வழக்கு தேசிய மட்டத்துக்குப் போய்விட்டது அல்லவா! அடுத்த மாதமே, மார்ச் 15 அன்று, காலை 8.00 முதல் 8.05 வரை வீட்டுத் தோட்டங்களிலும் வயல்களிலும் கண்ணில் படும் குரங்கு, மந்தி, மயில், மலை அணில்களை எண்ணித் தரும்படி மக்களிடம் கேட்கப்பட்டது. ஐந்து நிமிசம். ஆயுள் முழுக்க இதே வேலையாக இருப்பவரிடம் ஐந்து நிமிசக் கணக்குக் கேட்பது நியாயமா என்பது ஒரு புறம். மறுபுறம், காலை எட்டு மணிக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இராத்திரி வேலை முடித்துப் படுத்திருக்கும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிவில் செங்குரங்கு 50 இலட்சத்துக்கு மேல், மயில் 40 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. ஆய்வாளர்கள் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். ஒரே கூட்டம் இரண்டு தோட்டத்தில் எண்ணப்பட்டிருக்கலாம். வால் அறுந்தவனைத் தெரிந்த ஒருவருக்கு அந்தத் தவறு நேராது.

பெரியவரின் கணக்கும் ஊதிப் பெருத்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். பக்கத்து லயத்தாரிடம் சொல்லும்போது பதினெட்டு நூறாகும். கிராம சேவகரிடம் சொல்லும்போது இருநூறாகும். ஆனால், நட்டஈடு கேட்கும் வாயில் எண்ணிக்கை வளர்வது உலகெங்கும் உள்ள கணக்கியல் விதி. தனக்குத்தானே முணுமுணுக்கும்போது சொல்கிறாரே, அந்த எண்தான் அவருடைய செக்ரோல்.

புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து வரும் பேரன் இவருக்கு நேர் எதிர். கடையில் பதினொரு மாதம் நின்றவனுக்கு எல்லா விலங்கும் அழகு. "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, ஃபோட்டோவுல குரங்கு நல்லா விழுது!" என்பான். "அந்தத் தகரத்துல இருந்து விழுந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்பது பதில். பேரனின் அன்பில் பொய் இல்லை, செலவும் இல்லை. தகரம் விலகிய இடத்தில் ஒழுகும் மழைக்குச் சட்டி வைக்கப்போவது அவனல்ல. காட்டை ரசித்தவர்கள் காட்டுக்கு நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் காட்டில் திரிவதிலேயே காலம் கழித்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக அவருக்குப் பேர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பதுளை நகரத்துப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. ஒரு யானையையும் சுடாத நம் பெரியவருக்கு நினைவாக எழப்போவது, நல்ல மனம் இருந்தால், அந்தத் தகரடப்பா மட்டும்தான்.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான். இப்படி ஏசுகிறவர்கள்தானே பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள், அதில் சிறுத்தை மாட்டிச் சாகிறதே? சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கம்பியில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனதை யாரும் மறக்கவில்லை. பகலில் ஏசி, இரவில் கம்பி கட்டும் ஆட்கள் இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஏச்சு ஒன்றும் நற்சான்றிதழ் அல்ல. ஆனாலும் கம்பி வாய் திறக்காத வேலை. வாயால் ஆற்றிக்கொள்ள முடிகிறவருக்குக் கையால் ஆற்றிக்கொள்ளும் தேவை குறைகிறது. இதற்கு இன்னொரு அத்தாட்சி குளவி. கொழுந்து எடுக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்கும், சில வேளை சுடுகாட்டுக்கும் அனுப்பும் குளவியை இவர் ஏசிக் கேட்டவர் கிடையாது. கூடு இருக்கும் மரத்தைக் கடக்கும்போது குரல் தானாக அடங்கிவிடும். பயம் இருக்கும் இடத்தில் மௌனம். ஏச்சு, வீட்டு ஆளுக்கு மட்டும்.

விலங்கு முதலில் வந்தது, மனிதன் பிறகுதானே வந்தான் என்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது: "காட்ட வெட்டச் சொன்னவன் சீமைக்குப் போயிட்டான். வெட்டுனவன் பேரன் நான் இங்க நிக்கிறேன்." பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலை வெறுமையானபோது விலங்கிடம் யாரும் கேட்கவில்லை, தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களிடமும் கேட்கவில்லை. அந்த மரக்கறித் துண்டுக்குக் குரங்கிடமும் காணி உறுதி இல்லை, பெரியவரிடமும் உறுதி இல்லை. இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு: குரங்கு தேயிலை தின்பதில்லை. மலை முழுக்க நிற்கும் கம்பனிப் பயிரைத் தாண்டி வந்து, லயத்துக்குப் பின்னால் இருக்கும் போஞ்சியைத்தான் பறிக்கிறது. ஊவாவின் வனவளத்தால் வருகிற பெருமை நாட்டுக்கு, எல்ல ரயிலில் போகிறவரின் படம் உலகத்துக்கு, அதற்கான சாப்பாட்டுச் செலவு மட்டும் பத்துக்குப் பத்துக் காம்பராக்காரருக்கு. பில் கட்டுகிறவருக்கு முணுமுணுக்கும் உரிமை எந்த ஹோட்டலிலும் உண்டு.

ஆகவே அவரை ஏசாதே என்று திருத்தப் போவதைவிட, அவர் போஞ்சிக்கு ஒரு வழி சொல்வதும் அவர் கணக்கைக் கேட்டு எழுதுவதும் புத்தி. அடுத்த முறை எண்ண வருகிற அதிகாரி ஐந்து நிமிசத்தோடு வரவேண்டாம். ஒரு முழுக் காலையை ஒதுக்கிக்கொண்டு, முடிந்தால் கையில் ஒரு நல்ல பூசணிக்காயோடு வரட்டும். எத்தனை கூட்டம், எந்த வழி, எந்த நேரம், எதற்குக் குட்டி, எதற்கு வால் இல்லை என்று எல்லா விவரமும் கிடைக்கும். முதல் அரைமணி நேரத்துக்கு மட்டும், குரங்குக்கு உரியதை அதிகாரி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.