த/பெ ஏழுமலை

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தல் என்பதை, மாணவன் ஒருவன் தன் கல்வித் தகுதியைக் காட்டி இடம் கேட்கும் செயல் என்று அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்பவர்கள், தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதிகளையும் அறியாதவர்கள் ஆவர். இப்பகுதிகளில் அது அப்பா செய்வது, அம்மா மேற்பார்வையிடுவது, மாமா ஒருவர் ‘விசாரித்துச் சொல்வது’, எதிர்வீட்டார் கவலைப்படுவது. மாணவனுக்கு உரிய பங்கு, வெள்ளைத் திரைக்கு முன்னால் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்துக்காகச் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே.

இவ்வூருக்கும் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தமாக இன்றும் அறிவிக்கப்படும் ‘சானடோரியம்’, காசநோய்க்கு மாத்திரை கண்டுபிடிக்கப்படாமல், நல்ல காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்தாக இருந்த காலத்தில், 1928இல், டேவிட் சௌரி முத்து என்னும் மருத்துவர் நிறுவிய விடுதியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் இங்கிலாந்தில் மருத்துவராகி, அங்கே மெண்டிப் மலைப்பகுதியில் இதே போன்றதொரு விடுதியை நடத்தி, 1917இல் கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்தவர். அந்த நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்களுக்கு, வெளிநாட்டில் படித்த டாக்டர் தேறுவாரா என்ற ஐயம் எழ நியாயமில்லை; எனினும் எதிர்வீட்டாருக்கு அது தவறாமல் எழுகிறது.

அந்த ஐயத்துக்கு முன்னே நிற்பது நீட் தேர்வு. கத்திரி வெயில் தொடங்கும் நாளை ஒட்டி, பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் இத்தேர்வில் 180 வினாக்களும் 720 மதிப்பெண்களும் உண்டு. சரியான விடைக்கு நான்கு கூடும், தவறான விடைக்கு ஒன்று குறையும். இதில் ‘தகுதி’ வேறு, ‘இடம்’ வேறு. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருந்தும், ஒரு பிள்ளை ‘குவாலிஃபை ஆகிவிட்டான்’ என்று வீட்டார் சொன்னால், அரசு இடம் கிடைக்காது என்பதை அவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றே கேட்பவர் பொருள் கொள்ள வேண்டும். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் காதில் விழும் கணத்தில், முடிச்சூரில் வாங்கிப் போட்ட மனை எத்தனை சதுர அடி என்பது அப்பாவின் நினைவுக்கு வரும். அடுத்த கணம் வெளிநாடு நினைவுக்கு வரும். வெளிநாடு போகவும் நீட் தகுதி கட்டாயம் என்று 2018இல் விதி வந்துவிட்டபடியால், ‘நீட் பாஸ் போதும்’ என்னும் சுவரொட்டி வாசகம் முழுப் பொய் ஆகாது. ஆனால் அதில் ‘போதும்’ என்ற சொல் தாங்கும் பாரம் சற்று அதிகம்.

சுவரொட்டியில் உள்ள எண்ணை அழைத்தால் வந்து சேர்வது கன்சல்டன்சி. கன்சல்டன்சி என்பது ஒரு மேசை, ஓர் உலக உருண்டை, பனிபெய்யும் பல்கலைக்கழகத்தின் படம் ஒன்று, எந்தக் கேள்விக்கும் ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்’ என்று விடையிறுக்கும் இளைஞர் ஒருவர் ஆகியோரும் ஆகியவையும் அடங்கிய அலுவலகம். அது தருவது ‘ஆறு வருஷப் பேக்கேஜ்’. கல்விக் கட்டணம், விடுதி, விசா, ‘இந்தியன் மெஸ்’ ஆகியவற்றை ஒரே தொகையில் கட்டித் தருவதற்கு அப்பெயர். இந்தியன் மெஸ் என்பது பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரிலும் சாம்பார் என்று ஒன்று ஊற்றப்படும் இடம். பெற்றோரின் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மெஸ்ஸைப் பற்றியவையே. உடற்கூறியல் வகுப்பில் எத்தனை பேருக்கு ஒரு சடலம் என்று எவரும் கேட்பதில்லை.

எந்த நாடு என்பதைத் தீர்மானிப்பது மாமா. 2020இல் கொரோனாவோடு சீனா கதவடைத்ததும், 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டு மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டு எல்லைகளை நோக்கி நடந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருப்பதால், அவர் உலக வரைபடத்தைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமலும், பயிற்றுமொழி ஆங்கிலமாகவும், பயிற்சி மருத்துவம் அங்கே ஓராண்டும் இங்கே ஓராண்டும் ஆகவும் இருக்க வேண்டும். மாமா இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அப்பாவிடம் கொடுத்து, ‘ரஷ்யா சேஃப், மச்சான்’ என்று ஒரே வரியில் பாஷ்யமும் எழுதிவிடுகிறார்.

இனி வருவது ஆவணப் படலம், இதுவே முதன்மையானது. இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு தேவைப்பட்ட இடமெல்லாம் சாத்தன் என்பவனை வரவழைப்பார்கள் ஆதலால், இங்கும் அவனையே மாணவனாக அழைத்துக்கொண்டு, செங்கல்பட்டு வட்டாரத்துக்கு ஏற்ப அவன் தகப்பனாருக்கு ஏழுமலை என்று பெயர் வைப்போமாக. தமிழில் ஏழுமலை ஒருவரே. ஆங்கிலத்தில் அவர் இருவர். பள்ளிச் சான்றிதழில் ழகரத்துக்கு ‘எல்’ போட்டிருக்கும். ஆதாரிலோ, ‘எல்’ கூட்டுத்தொகைக்கு ஆகாது என்று எண்கணித ஜோதிடர் ஒருவர் சொன்னதன்பேரில், ‘இசட், ஹெச்’ என்று மாற்றப்பட்டிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் புள்ளி வைத்து நிறுத்திவிட முடியாது, விரித்தெழுத வேண்டும் என்பதால், இதுவரை ஓர் எழுத்துக்குள் நிம்மதியாக உறங்கிய ஏழுமலை எழுந்து, இரண்டு எழுத்துக்கூட்டலுடன் தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையத்தின் வரிசையில் நிற்கிறார். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவதே இதற்குப் பரிகாரம். விசிஷ்டாத்வைதம் கண்ட ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்றாலும், நோட்டரி வழங்குவது கலப்பற்ற அத்வைதமே.

அடுத்தது அப்போஸ்டில். ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாடு நம்புவதற்காக, ஹேக் நகரில் 1961இல் உருவாகி, இந்தியா 2005இல் சேர்ந்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் சிறிய முத்திரைத் தாளுக்கு இப்பெயர். முதலில் மாநில அரசும் பிறகு வெளியுறவு அமைச்சகமும் சரிபார்த்து, மூலச் சான்றிதழின் மேலேயே ஒட்ட வேண்டிய இதனை ஒட்டவே முடியாதபடி ஏழுமலை போன்ற தகப்பன்மார் பல்லாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் இத்துறையின் பெருந்துயரம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, ஈரம் படாதிருக்கவும் கரையான் அரிக்காதிருக்கவும் வேண்டி, ஷண்முகம் சாலை ஜெராக்ஸ் கடையில் அவர்கள் அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வெள்ளம் வந்தாலும் அழியாத அந்தப் பாசத்தின் மேல் எந்த அரசு முத்திரையும் ஒட்டாது. இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துப் பிளாஸ்டிக்கை உரிக்கும் அறுவைச் சிகிச்சை அம்மாவின் கையால் சாப்பாட்டு மேசையில் நடக்க, அப்பா மூச்சுவிடாமல் நிற்பார். வருங்கால மருத்துவன் டார்ச் பிடிப்பான். அக்குடும்பத்தின் முதல் அறுவைச் சிகிச்சை அதுவே.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர் ஜாக்கெட்டை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் குரோம்பேட்டையில் போட்டுப் பார்க்க வேண்டும். குக்கரும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் அடைத்த பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் நிறுத்து, விமான நிறுவனம் அனுமதிக்கும் கிலோ கணக்குக்கு மேல் போனால் துணிமணியைக் குறைக்க வேண்டும். ஊறுகாயைக் குறைக்கும் வழக்கம் இல்லை.

மொழி விஷயத்தில் மட்டும் சற்று நின்று போக வேண்டியிருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ரஷ்ய மொழியில்தான் முனகுவார் என்பதால், மாணவன் அம்மொழியையும் கற்றே ஆக வேண்டும். சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கர் 1848 முதல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைக் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தி, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்ததை எண்ணிப் பார்த்தால், டாக்டர் படிப்புக்காக மொழி கற்கும் தொல்லை அக்காலத்தில் ஆசிரியர் பக்கம் இருந்தது, இப்போது மாணவர் பக்கம் மாறியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ‘எங்கே வலிக்கிறது’ என்பதற்கு ரஷ்ய மொழியில் ‘க்த்யே பலீத்’ என்பார்கள். மகன் வீடியோ அழைப்பில் இதைச் சொல்லிக் காட்டும்போது அம்மாவின் காதில் ‘பலித்தது’ என்று விழுவதும், அவர் உடனே பெருங்களத்தூர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் புறப்படுவதும் மொழியியலார் கவனிக்கத்தக்கவை. படித்து முடித்துத் திரும்பியதும் 300 வினாக்களில் 150க்குச் சரியான விடை எழுதினாலன்றி இங்கே மருத்துவம் பார்க்க முடியாது என்னும் தேர்வு ஒன்று காத்திருப்பதை, தேங்காய் உடைத்து முடியும்வரை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை.

ரஷ்ய எழுத்துகளுள் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதும்போதும் ‘இசட், ஹெச்’ என்றே எழுதுவது வழக்கம். ஆனால் அது குறிப்பது ழகரத்தை அன்று, ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியை. எனவே பாஸ்போர்ட்டை ரஷ்ய மொழியில் பெயர்க்கிறவர், ஜோதிடர் சேர்த்துக் கொடுத்த அதிர்ஷ்ட எழுத்துகளைத் தம் வழக்கப்படியே பெயர்த்து வைக்கிறார். அங்கே குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பதே வகுப்பு மரபாகையால், செப்டம்பர் மாதக் காலையில் பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, சாத்தன் என்ற பெயரைத் தொடாமலே, ‘எஜுமலாய்’ என்று கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். மூன்றாம் வரிசையில் ஊறுகாய் வாசனை வீசும் ஜாக்கெட்டுக்குள் அமர்ந்திருக்கும் மாணவன், அந்த எஜுமலாய் எந்த நாட்டுக்காரனோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சட்டைப்பையில் சத்தம் அடக்கி வைக்கப்பட்ட கைபேசி அதிர்கிறது. திரையில் ‘அப்பா’ என்று வருகிறது.