35 வயசுப் பயலுக்கு 52 வயசுக் கொழாய்

ஏலே பேராண்டி, இப்பிடி உக்காரு. கையில என்னது, ரிப்போர்ட்டா? வழுவழுக் காயிதத்துல கலர் கலராத்தான் அடிச்சுக் குடுத்திருக்கான். ஒனக்கு வயசு 35, ஒன் ரத்தக்கொழாய்க்கு 52-ன்னு போட்டிருக்கோ? அதுக்குத்தான் ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டுக் கெடந்தியாக்கும்.

சோதனைய நான் கொற சொல்ல மாட்டேன். ஊசி இல்ல, கத்தி இல்ல. கழுத்து நாடியில ஒரு சென்சாரு, தொடை இடுக்கு நாடியில ஒரு சென்சாரு வைக்காவ. நெஞ்சு ஒரு தட்டு தட்டுனா, அந்த அலை ரெண்டு எடத்துக்கும் வந்து சேர எம்புட்டு நேர வித்தியாசம்னு பாக்காவ. வேகமாப் போனா சந்தோசப்படாத. வெயில்ல கெடந்து வெறச்ச ஓசுல மோட்டாரப் போட்டுப் பாரு, அந்த முனை வெடுக்குன்னு ஒதறும். புது ஓசு கொஞ்சம் உப்பி வாங்கிக்கிட்டு, பதமா விடும். வாலிபனுக்கு நொடிக்கு 6, 7 மீட்டர் இருக்கும். 10-ஐத் தாண்டுனா டாக்டருமாரு முகம் மாறும்.

வெறச்ச கொழாயில இன்னொரு வம்பும் உண்டு. போன அலை சட்டுன்னு திரும்பி வந்துருது. நெஞ்சு அமுக்கி முடிக்கதுக்குள்ள வந்து முட்டுது. அதுக்கு வேல கூடுது. நெஞ்சுக்குன்னு உள்ள ரத்தம் அது தளருத நேரத்துலதான் நெறைய பாயும். அந்த நேரத்து அழுத்தமோ கொறஞ்சு போவுது. மாரடைப்புக்காரங்க கிட்ட இத அளந்து பாக்கது சும்மாயில்லலே.

சரி, ஒன் கதைக்கு வருவோம். போவும்போது டீக்கடையில நின்னியா? ஒரு சிகரெட்டு, ஒரு ஸ்ட்ராங் காப்பி? நெனச்சேன். மூணு மணி நேரத்துக்கு ரெண்டையும் தொடக்கூடாதுன்னு அவுகளே சொல்லியிருப்பாவளே! பெறவு லச்ச ரூவா மிசின் பக்கத்துல ஒரு டேப்பு கெடந்துச்சா? தையக்காரன் வச்சிருப்பானே, அதேதான். கழுத்துல இருந்து தொடை வரைக்கும் தூரம் அதுலதான் பாக்கது. ஒன் தொந்தி மேல டேப்பு ஏறி எறங்குனா தூரம் கூடுமா கூடாதா? தூரம் கூடுனா வேகமும், வேகம் கூடுனா கொழாய் வயசும் கூடத்தானே செய்யும்? அம்பத்திரெண்டுல பாதி ஒன் பிரியாணி போட்ட வயசு.

நாடி அலையப் பாத்து வியாதி சொல்லுதது புதுசும் இல்லலே. லண்டன்ல கைஸ் ஆஸ்பத்திரியில 1870-கள்ல பிரெடெரிக் அக்பர் முகமதுன்னு ஒரு டாக்டர் இருந்தாரு. தாத்தா பாட்னாக்காரரு. புஜத்துல பட்டை கட்டிப் பிரசர் பாக்குத கருவி அப்ப வரவே இல்ல. மணிக்கட்டு நாடி மேல சின்ன நெம்புகோல் ஒண்ண வச்சு, துடிக்கத காயிதத்துல கோடாக் கீற வச்சாரு. அந்தக் கோட்டப் பாத்தே இன்னாருக்கு ரத்தக்கொதிப்புன்னு சொன்னாரு. 1884-ல டைபாய்டு வந்து போய்ச் சேந்துட்டாரு, பாவம். அவருக்கும் 35 வயசுதான். ஒனக்கு மணிக்கட்டுல வாட்ச்சு, பையில செயலி, அப்பவும் பயம்!

இன்னொண்ணு கேளு. கொழாய் வெறச்சிருக்குன்னு இந்தச் சோதனை சொல்லும். அடைப்பு இருக்கா, இருந்தா எந்தக் கிளையிலன்னு சொல்லுமா? சொல்லாது. அதுக்கு ஆஞ்சியோ மாதிரி வேற வழி இருக்கு, அது வேணுமா வேண்டாமான்னு டாக்டரு பாத்துக்கிடுவாரு. நம்ம நர்சம்மா பட்டை கட்டிப் பாத்தாளே ஒங்க பாட்டிக்கு, மேல 160, கீழ 70-ன்னு, அந்த எடைவெளி 90 வந்துச்சே, அது என்னன்னு நெனச்ச? வயசானவுகளுக்கு அது 60-ஐத் தாண்டுனாலே கொழாய் வெறச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அதுக்குக் கலர்க் காயிதமும் இல்ல, கட்டணமும் இல்ல. அதனால நீ அதத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஊறுகா சாடிய ஏம்லே இங்கிட்டு இழுக்க? வை அங்க. கடேசியா ஒண்ணு மட்டும் மறக்காத: நடுநெஞ்சுல அமுக்கி, எடது கைக்கு வலி எறங்கி, வேர்த்துக் கொட்டுச்சுன்னா 108-க்கு அடிக்கணும். அப்பவும் வாட்ச்சு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கிட்டு நிக்காத, கேட்டியா?