எண்ணெய் விற்கும் தேசத்திலிருந்து ஒரு கணக்கு

ஒஸ்லோ,
தை மாதம்.

மதிப்பிற்குரிய அம்மான் அவர்களுக்கு,

 

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெற்றோல் காரை விற்று மின்சாரக் கார் வாங்கியதற்குப் பூமி வெப்பமாவதைப் பற்றிய விசாரமே காரணமாயிருக்கும் என்று ஊகித்து, மருமகனுக்கு இந்தப் பரோபகார சிந்தை எப்போது உதயமாயிற்று என்று கேட்டிருந்தீர்கள். இங்குள்ள சபைகளில் எவரேனும் இவ்வாறு வினவினால் நானும் பூமாதேவியின் பெயரைச் சொல்லியே கௌரவமாகத் தப்பித்துக்கொள்வது வழக்கம். தாங்களோ என்னை அரைக்காற்சட்டைப் பருவம் முதல் அறிந்தவர். காரணம், காசு.

பெற்றோல் லீற்றர் ஏறக்குறைய 20 குரோனர். பழைய கார் நூறு கிலோமீற்றருக்கு ஏழு லீற்றர் குடித்து 140 குரோனரை விழுங்கியது. புதியதோ அதே தூரத்துக்கு 20 யூனிட் மின்சாரத்தோடு திருப்தியடைகிறது. வீட்டில் ஏற்றினால், யூனிட் ஒன்றரைக் குரோனர் என்று தாராளமாகவே வைத்தாலும், 30 குரோனர்தான். அந்த மின்சாரமும் மணிக்கு மணி விலை மாறுவதாகையால், மாமி அனுப்பிய பஞ்சாங்கத்தைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, என் இல்லாள் படுக்கப்போகுமுன் கைபேசியில் விலைப் பட்டியலைப் பார்த்து, காருக்கும் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் சுபமுகூர்த்தம் குறிக்கிறாள்.

இத்தேசத்து அரசாங்கமும் மனித சுபாவத்தை நன்கறிந்தது. 1989-இல் மோர்டன் ஹார்கெட் என்னும் பிரசித்தி பெற்ற பாடகரும் பெல்லோனா என்ற சூழல் இயக்கத்தாரும் மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட ஒரு சிறிய பியற் பாண்டாவைக் கொணர்ந்து, சுங்கச்சாவடிகளில் பணம் கட்டாமலே ஓட்டித் திரிந்தார்கள். அபராதம் ஏறி வண்டி பறிமுதலாகி ஏலத்துக்கு வரும்போதெல்லாம் அதைத் திரும்ப வாங்கி மறுபடியும் கட்டாமல் ஓட்டினார்கள். இறுதியில் சர்க்காரே இறங்கிவந்து, 1990-இல் பதிவு வரியையும், 1997-இல் வீதிச் சுங்கத்தையும், பின்னர் பெறுமதி சேர் வரியையும் மின்சாரக் கார்களுக்குத் தள்ளுபடி செய்தது. பஸ்களுக்கென்று ஒதுக்கிய பாதையிலும் இவற்றை விட்டார்கள். விளைவு, பஸ்களே நெரிசலில் அகப்பட்டுக்கொண்டமையால் அச்சலுகையைச் சுருக்க நேர்ந்தது. இப்போது சுங்கமும் வரியும் மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன. எனினும் 2024-இல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். இவர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்று நான் நம்பவில்லை.

இதில் ஒரு விநோதம். இந்நாட்டின் ஐசுவரியத்தில் பெரும்பகுதி வடகடலில் தோண்டும் எண்ணெயால் வந்தது. இவர்கள் வீட்டு மின்சாரமோ பெரும்பாலும் மலையருவிகளிலிருந்து கிடைப்பது. நம்மூரில் புகையிலை பயிரிட்டு விற்று மாடி வீடு கட்டிய கமக்காரர், தாம் மட்டும் சுருட்டைத் தொடாமல் திண்ணையில் தேவாரம் பாடுவதை இது ஒத்திருக்கிறது.

குளிர்காலத்தில் மட்டும் சற்றுச் சிரமம். பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை இறங்கினால், சார்ஜ் வயர் சுருட்ட இயலாதபடி விறைத்துவிடும்; அதைச் செருகும் துவாரத்தின் மூடி பனியில் ஒட்டிக்கொள்ள, முஷ்டியால் குத்தித் திறக்கவேண்டும்; பற்றரியும் சோம்பல்பட்டுத் தூரத்தைக் குறைத்துவிடும். மலைப்பாதையில் மிச்ச வீதத்தைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டு, வழியோரத்து வேக சார்ஜருக்கு வீட்டு விலையைப் போல் மூன்று நான்கு மடங்கு அழ மனமின்றி நான் சூடாக்கியை அணைத்துவிட, பிள்ளைகள் தொப்பியும் கையுறையும் அணிந்து பின் இருக்கையில் என்னைத் தமிழிலும் நோர்வேஜியனிலும் நிந்திப்பார்கள்.

இந்தச் சிக்கனம் நான் தங்களிடம் கற்ற வித்தையன்றோ! ஊரில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை நிலவியபோது, சேலைன் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் அந்த ஏ-40 ஒஸ்ரினைச் சுன்னாகம் வரை ஓட்டிச்சென்றீர்களே, அப்போது தங்களிடம் யாராவது சித்தாந்தம் கேட்டார்களா?

மற்றபடி, மேலே எழுதிய கணக்கை மச்சானுக்கு மட்டும் காட்டவேண்டாம் என்று பணிவுடன் பிரார்த்திக்கிறேன். மாதாமாதம் இங்கு மிச்சமாகும் தொகை தெரிந்தால், கூரையில் சூரியத் தகடு பூட்டித் தரும்படி சென்ற வருஷம் அனுப்பிய விண்ணப்பத்தை, அவர் வட்டியோடு புதுப்பித்து அனுப்புவார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்