மூன்றாவது மாடி சார்

மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேடவாக்கம் என்று சென்னையின் தென்கோடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஓர் அடுக்ககத்தில் அவர் இருப்பார். கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை உண்டு; யாரும் படித்ததில்லை. மூன்றாவது மாடி சார் என்றால் வாட்ச்மேனுக்குத் தெரியும், தண்ணீர் லாரிக்காரருக்கும் தெரியும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போக அனுமதிக்கப்பட்ட ஓரிருவரில் ஒருவர். அந்த அனுமதியை இன்றுவரை யாரும் ரத்து செய்யாததால், கட்டடத்தில் எந்த வீட்டில் நெட் போனாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும்.

"சார், லேப்டாப்ல மட்டும் வைஃபை வரமாட்டேங்குது. போன்ல நல்லாத்தான் வருது."

சொல்லப்பட்ட புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. போனில் வருகிறது என்றால் தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் இழை சரி, மாதப் பணம் கட்டியாகிவிட்டது, ரவுட்டரும் ஒழுங்காக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில், முதலில் தேட வேண்டியது அங்கேதான். ஆனால் அவ்வளவு சீக்கிரம் முடிகிற காரியத்துக்கு மூன்று மாடி இறங்கி வர அவர் என்ன கொரியர் பையனா?

"லேப்டாப் கெடக்கட்டும்மா. ரவுட்டர் எங்க இருக்கு?" என்பார்.

அது டிவி ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நவராத்திரிக்கு மட்டும் வெளியே வரும் செட்டியார் பொம்மைக்கும் பையன் மாறுவேடப் போட்டியில் வாங்கிய கோப்பைக்கும் நடுவே, பூவேலைத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கும். சில வீடுகளில் இரும்பு பீரோவின் முதுகுக்குப் பின்னால். இரும்பு, ரேடியோ அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரை வெளியே எடுத்து அலமாரியின் மேல் வைத்தாலே பல வீடுகளில் பாதி வழக்கு தள்ளுபடியாகிவிடும். சாரின் கண் அதில் எதிலும் நிற்காது. நேராக ஆன்டெனாவுக்குப் போகும். நான்கு கொம்புகளையும் லேப்டாப் இருக்கிற அறையை நோக்கி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்துச் சாய்ப்பார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கொம்புகளின் நுனியில் இருந்து அலை பீய்ச்சியடிப்பதில்லை. கொம்பைச் சுற்றிப் பக்கவாட்டில், மெதுவடை வடிவத்தில் பரவுகிறது; கொம்பு நிற்பது வடையின் ஓட்டையில். ஆக, நுனியை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் அலை இருப்பதிலேயே குறைவு. சார் பத்து நிமிடம் பாடுபட்டு லேப்டாப்புக்கு ஒதுக்கிக் கொடுத்தது ஓட்டையை.

அடுத்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. நல்ல வைத்தியம்தான், பெரிய கம்பெனிகளின் பொறியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பெட்டி மறுபடி உயிர்பெற்று எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் காபி வரும். காபியோடு சொற்பொழிவும் வரும்.

"வைஃபையைக் கண்டுபிடிச்சதே ஒரு சினிமா நடிகை, தெரியுமாம்மா உங்களுக்கு?"

ஹெடி லமார். வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவர். இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது, ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 1942-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். டார்பிடோவை வழிநடத்தும் ரேடியோ கட்டளையை எதிரி குலைத்துவிடாமல் இருக்க, அலைவரிசையை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே போகும் உத்தி அது. அதுவரை சார் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த உத்தி நிலைத்து வாழ்வது புளூடூத்தில். 1997-இல் வந்த முதல் வைஃபை தரவரையறையில் அதற்கும் ஓர் இடம் இருந்தது. பிறகு வந்த வீட்டு வைஃபை வேறு வழியில் போய்விட்டது. இதையெல்லாம் சொல்லி சாரைத் திருத்த இதுவரை யாரும் துணிந்ததில்லை. மாமிகளுக்கு ஹெடி லமார் கதை பிடித்துவிட்டது.

சில சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். "மைக்ரோவேவ் ஓடுதா?" என்று ஒருமுறை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில், பழைய வைஃபை ஓடுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். அடுப்புக்குள் எழுநூறு, எண்ணூறு வாட். ரவுட்டர் வெளியே விடுவதோ ஏறத்தாழ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கதவிடுக்கில் கசிகிற சொற்பம் மனிதரை ஒன்றும் செய்யாது. ரவுட்டரின் குரலை அமுக்க அது போதும். இந்தியாவில் 2005 முதல் அந்தப் பட்டைக்கு உரிமம் வேண்டாம் என்று ஆகிவிட்டதால், கட்டடத்தில் இருக்கிற எல்லா ரவுட்டர்களும் அதற்குள்தான் முண்டுகின்றன. அதிலும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடக்கூடிய தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பழைய லேப்டாப் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திணறுவதற்குப் பாதிக் காரணம் பக்கத்து வீட்டு சீரியல்.

ஆனால் சரியான கணிப்பை அவர் அடுத்த வாக்கியத்திலேயே கெடுத்துவிடுவார். ரவுட்டர் இரண்டு பெயர்களில் வைஃபை கொடுக்கும். ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கும். அது 5 கிகாஹெர்ட்ஸ். 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த செல்போன் 5ஜிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்கா காலேஜுக்குப் போனபோது அரசு கொடுத்து, இப்போது தம்பியிடம் வந்து சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் 2.4 மட்டும் தெரிந்த அட்டை இருந்தால், அந்த இன்னொரு பெயர் அதன் கண்ணில் படவே படாது. வீட்டார் அதே பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சாரின் தீர்ப்பு: "இது 4ஜி லேப்டாப்மா. புதுசு வாங்கிடுங்க."

வாங்குவதற்குள் அவர் கடைசி ஆயுதத்தை எடுத்துவிடுவார். "ஒரு ஊக்கு இருந்தா குடுங்கம்மா."

ரவுட்டரின் பின்புறம் எறும்பு நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது வேறு, இந்தத் துளைக்குள் குத்துவது வேறு. முதலாவதில் பெட்டி தூங்கி எழுகிறது. இரண்டாவதில் தன் பெயர், ஊர், பாஸ்வேர்டு, இணைப்புக் கம்பெனி கொடுத்த பயனர் கணக்கு என்று அதுவரை தெரிந்த அத்தனையையும் மறந்து, தொழிற்சாலையில் இருந்து வந்த நாளுக்குப் போய்விடுகிறது. பல இணைப்புகளில் கம்பெனி ஆள் வந்தோ, தொலைவில் இருந்தோ அந்தக் கணக்கை மறுபடி ஏற்றினால்தான் நெட் வரும். சார் ஊக்கை உள்ளே விட்டு, பத்து நொடி எண்ணி, வெளியே எடுத்தார். அதுவரை லேப்டாப்பில் மட்டும் நெட் இல்லை. இப்போது போனில் இல்லை, டிவியில் இல்லை, வாசல் கேமராவிலும் இல்லை. வீட்டில் பூரண சமத்துவம் நிலவியது.

"இப்ப பாருங்க, பிராப்ளம் கிளியரா தெரிஞ்சிடுச்சு. லைன்தான்."

அந்த நேரத்தில் டியூஷனில் இருந்து திரும்பிய பத்தாம் வகுப்புப் பையன், அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பைத் திறந்தான். திரையின் மூலையில் குட்டி விமானம் ஒன்று. வீட்டில் யாரும் இன்னும் விமானம் ஏறியதில்லை. லேப்டாப் மட்டும் விமானப் பயன்முறையில் இருந்தது. காலையில் சின்னவள் விசைப்பலகையில் பியானோ வாசித்திருக்கிறாள். ஒரு விசையைத் தட்டினான். விமானம் மறைந்தது. "இதுதான் அங்கிள்" என்றான். சார் தலையசைத்தார். "நான் ரீசெட் பண்ணதாலதான் தம்பி இப்ப அது ஏத்துக்குது."

இப்படியே விட்டுவிட்டால் மனிதரை அநியாயமாகச் சித்திரித்தது ஆகும். அவருக்குத் தெரிந்த சங்கதிகளும் உண்டு. அவை எளிதில் பிறருக்குத் தெரியாதவை. ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் லேப்டாப் பழையதையே காட்டிக் காட்டி வாசலில் நிற்கும். அந்த வைஃபையை மறக்கச் சொல்லிப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராமல், தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் "இது அனாதை அட்ரஸ்மா" என்பார். வைஃபை டிரைவர் போய்விட்டால் அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது, போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு கோத்து, போனின் நெட்டை அதற்குக் கொடுத்துவிடுவார். ஒருமுறை வைஃபை முழுசாக இருந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே இருக்கிற பொட்டு அளவு பேட்டரி செத்துப்போய், லேப்டாப் பதினைந்து வருடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காததாகத் தெரியும். உலாவி கதவைச் சாத்திவிடும். அன்று மட்டும் அவர் ஊக்கு கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வருவார். கம்பெனியை அழைத்தால் தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டுப் போடும். சார் பாட்டுப் போடுவதில்லை. லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொள்ளும் நேரம்தான் தாமதம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரண்டாவது மாடி வீட்டில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. பெட்டிக்கு ஒளியே வரவில்லை என்று பொருள். அது ரவுட்டரை நோண்டித் தீர்க்கிற கோளாறு இல்லை. ஆனாலும் சார் ஆஜர். இழை ஒட்டும் பையன் முதுகுப்பையோடு வந்து, இழை வந்த வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனான். ஷோகேஸின் பின்னால் நின்றான். தொங்கிக்கொண்டிருந்த இழையை யாரோ விரல் தடிமனுக்குச் சுருட்டி, கேபிள் டை போட்டு, நறுக்கென்று இறுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது தலைமுடி அளவுக் கண்ணாடி. அவ்வளவு நெருக்கி மடித்தால் ஒளி மடிப்பிலேயே வெளியே கசிந்துவிடும்.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

வீட்டுக்காரம்மா மின்விசிறியைப் பார்த்தார். சார் தொண்டையைச் செருமினார். "கம்பெனிக்காரங்க வேலையே இப்படித்தாம்ப்பா."

பையன் டையை வெட்டினான். சிவப்பு விளக்கு அணைந்தது. சார் அவனுடைய நம்பரை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரம் முதல் மாடியில் இருந்து அழைப்பு வந்தபோது குரலில் புதிதாக ஒரு நிர்வாகத் தோரணை சேர்ந்திருந்தது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், அனுப்புறேன். அதுக்குள்ள நான் இறங்கி வரேன், ஒரு ஊக்கு மட்டும் எடுத்து வைங்க."